விளக்கமறியலில் பெரட்டுக் கூப்பிட்டவர்

அரசாங்கச் சேவையில் என் வேலையை மதிப்பிட்டவர்கள் பலர். ஒவ்வொரு வருட முடிவிலும் 'திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒன்றும் இல்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே ஒருவர்தான் என்னை நேரில் நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை அளந்து பார்த்து, தீர்ப்புச் சொன்னார்.

"வெள்ளைச் சட்ட. கையில மண்ணு இல்ல. ஒனக்கு அரைப்பேருதான், போ."

அவர் ஒரு விளக்கமறியல் கைதி, வழக்கு முடியும்வரை உள்ளே வைக்கப்பட்டவர். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கான், அதாவது மழைநீர் வடிகால், வெட்டும் தொழிலாளி. எங்கள் பதிவுகளின்படி மனநிலை சரியில்லாதவர்.

தோட்டத்தில் காலை வேளை ஆட்களை வரிசையில் நிறுத்தி, யார் எந்த மலைக்கு, என்ன வேலைக்கு என்று பிரித்து அனுப்புவதைப் பெரட்டு என்பார்கள். அன்றைய வேலையை முழுதாகச் செய்தவருக்கு ஒரு பேர் விழும். பிந்தி வந்தவருக்கும் கொழுந்து குறைந்தவருக்கும் அரைப்பேர், பாதிச் சம்பளம். யாழ்ப்பாணத்திலிருந்து நியமனக் கடிதத்தோடு வந்து, பதுளைக் குளிருக்குப் பழகி, இங்கேயே வீடும் கட்டி ஓய்வுபெற்ற என்னைப் போன்றவர்களின் காதில் இந்தச் சொற்கள் விழாமல் இருக்காது. நமக்கே ஒருநாள் அரைப்பேர் விழும் என்று மட்டும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நான் சிறைச்சாலையில் நலன்புரி அலுவலராக இருந்தேன். ஊவா மாகாணத்தில் எந்தச் சிறை என்று சொல்லமாட்டேன். ஓய்வூதியம் மாதாமாதம் ஒழுங்காக வருகிறது, அதை ஏன் குழப்புவது. கைதிகளின் நலனைக் கவனிக்க ஓர் அலுவலர் உண்டு என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்ட ஓர் அலுவலர் வேண்டும். அவர்கள் வரும் நாட்களில் நான் மிகவும் முக்கியமானவன். மற்ற நாட்களில் எனக்கு ஒரு மேசையும், கால் ஆடும் ஒரு கதிரையும், சிறை விதிகளான நிலையியற் கட்டளைகளின் முழுத் தொகுதியும் இருந்தன. வேறு வேலை இல்லாததால் அந்தத் தொகுதியை வாசித்தேன். அதை முழுதாக வாசித்த ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் நான்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்தக் கைதியின் பெரட்டு காலையில் கதவு திறந்து காவலர்கள் தலை எண்ணி முடிந்ததும் தொடங்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துப் படி இருந்தது. அதில் ஏறி நிற்பார். ஒல்லியான, தோள் சரிந்த ஆள். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சொந்தமில்லாதது.

"ஏய், நீ, நீ, நீ... மூணாம் நம்பர் மலை. புல்லு வெட்டு. ஒழுங்கா வெட்டணும், சொல்லிப்புட்டேன். அந்தா நிக்கிறானே நொண்டி, நீ கொழுந்து. மொட்டத்தல, ஒனக்குக் கான் வெட்டு."

மூன்றாம் நம்பர் மலை என்பது சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த குப்பை மேடு. கான் என்பது மலசலகூடத்துச் சாக்கடை. கொழுந்து என்றால் மரக்கறி ஆய்வது. தேயிலைச் செடியை மொட்டையாக வெட்டிவிடும் வேலைக்குத் தோட்டத்தில் கவ்வாத்து என்று பெயர். அதை மற்றக் கைதிகளுக்குத் தலைமயிர் வெட்டும் ஆளுக்குக் கொடுத்திருந்தார். பெயர்கள் வேறாக இருந்தாலும் வேலைப் பிரிப்பில் பிழை பிடிக்க முடியாது.

முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் ஒருவன் விளையாட்டுக்கு வரிசையில் நின்றான். கிழமை முடிவதற்குள், விளக்கமறியல் கைதிகளை அடைத்திருந்த மண்டபத்தின் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். பிறகு சிங்களக் கைதிகளும் வந்து நின்றார்கள். அந்த மண்டபத்தில் ஆட்கள் முறை வைத்துத்தான் படுக்கலாம். அப்படியொரு இடத்தில் காலையில் யாராவது தன்னைப் பார்த்து, உனக்கு இன்றைக்கு இதுதான் வேலை என்று சொல்வது பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். விளக்கமறியல் கைதிகளை வேலை வாங்க விதியில் இடமில்லை என்று நான் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். அது போன இடத்திலிருந்து திரும்பவில்லை.

மாலையில் எல்லாருக்கும் பேர் போடுவார். கொப்பி கிடையாது. விரலால் காற்றில் எழுதுவார். காவலர்களுக்கும் போடுவார். "தொப்பிக்காரன் நாள் முழுக்கக் குந்திக்கிட்டே இருந்தான், அரைப்பேரு." அந்தக் காவலர் தமிழ் விளங்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அவர் உள்ளே வந்த கதை வழக்குக் காகிதங்களின் கோவையில் இருந்தது. தீபாவளி அன்று விடியற்காலை, தொழிற்சாலையின் ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே போய்ச் சங்கை ஊதிவிட்டார். வேலைக்குக் கூப்பிடும் சங்கு. அத்துமீறி நுழைதல், சொத்துக்குச் சேதம் விளைவித்தல் என்பவை குற்றச்சாட்டுகள். முறைப்பாட்டில் எழுதாத பகுதியை அவர் மனைவிதான் எனக்குச் சொன்னார்.

"சனம் எல்லாம் வந்துருச்சுங்கய்யா."

"எங்கை வந்தது?"

"பெரட்டுக்குத்தாங்க. தீவாளின்னு தெரியும். எண்ண தேச்சிக்கிட்டு இருந்தவங்க, பலகாரம் சுட்டுக்கிட்டு இருந்தவங்க... சங்கு ஊதுதேன்னு கூடையத் தூக்கிக்கிட்டு வந்து நின்னுட்டோம். நானுந்தான் நின்னேன். அங்க வந்து பாத்தா இவரு நிக்கிறாரு, கையெல்லாம் ரத்தம். எங்க எல்லாருக்கும் மல பிரிச்சிக் குடுக்குறாரு."

"பிறகு?"

"சிலபேரு மலைக்கே போயிட்டாங்கய்யா."

அதைச் சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டார். தோட்ட நிர்வாகம் கணவரைப் பைத்தியம் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுத்தது. அவர் சொல்லைக் கேட்டு எண்ணெய்த் தலையோடு மலைக்குப் போனவர்களைப் பற்றி எந்த அபிப்பிராயமும் எழுதவில்லை.

சிறைக்குள் மனநோயாளிகளுக்கென்று தனி ஏற்பாடு ஒன்று இருந்தது. மலசலகூடத்துக்குப் பக்கத்து மூலை. காவலர்கள் அதைப் பிஸ்ஸு மூலை என்பார்கள். சிங்களத்தில் பைத்தியத்துக்கு அதுதான் சொல். குளிக்கும் சவர்க்காரத்தைத் தின்னும் ஒருவர், வாய் திறக்காத ஒருவர், எல்லாருடைய காலையும் தொட்டு மன்னிப்புக் கேட்கும் ஒருவர் என்று அங்கே எப்போதும் சிலர் இருப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை மனநல டொக்டர் வருவார். இளம் பொடியன், எங்கள் ஊர்ப்பக்கம். அரைமணி நேரத்துக்குள் அந்த மூலை முழுவதையும் பார்த்து மருந்து எழுதிவிட்டுப் போவார். அதை நேரம் தவறாமல் கொடுக்கத் தாதி கிடையாது. கடமையில் இருக்கும் காவலர் நினைவு வந்தால் கொடுப்பார். கொடுத்த மாத்திரையைச் சிலர் நாக்குக்கு அடியில் ஒளித்து, நித்திரை வராத கள்ளர்களுக்குப் பீடிக்கு விற்றுவிடுவார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் ஆள் அமைதியாகிவிடுவார். அமைதியானவருக்கு எதற்கு மருந்து என்று நிறுத்திவிடுவார்கள். நீதிமன்றத் தவணை நாள் வரும்போது மீண்டும் பழைய நிலைக்கு வந்திருப்பார். நீதவான் பார்த்து, வழக்கை விளங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை என்று திருப்பி அனுப்புவார். திரும்பி வந்ததும் மாத்திரை தொடங்கும். அந்தக் குற்றத்துக்கு ஆகக் கூடிய தண்டனை விதித்திருந்தாலும் அவர் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பார். தண்டனை கிடைப்பதற்கும் தகுதி வேண்டும். அந்தத் தகுதி அவரிடம் இல்லை.

அப்படியொரு தவணைக்கு நானும் போயிருந்தேன். கூண்டில் ஏறியதும் அவர் சுற்றிப் பார்த்தார். கறுப்புக் கோட்டுகள், பொலிசார், வாங்குகளில் உட்கார்ந்த சனம். பெரட்டுக்கு இதைவிட நல்ல கூட்டம் அவருக்குக் கிடைத்ததில்லை.

"ஏன் இம்புட்டு லேட்டு? வெயில் ஏறிருச்சு. இனிப் போயி எப்ப நெறைய எடுக்கிறது?" என்று நீதவானைக் கேட்டார்.

நீதவான் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் நாற்பது வருடமாக நீதிமன்றத்தின் கண்ணியத்தைக் காப்பாற்றி வந்தவர். "கனம் நீதவானுக்கு வணக்கம் சொல்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னார்.

"குற்றச்சாட்டு விளங்குகிறதா என்று கேளுங்கள்."

கேட்டார்கள். அவர் நீதவானின் மேசையைக் கூர்ந்து பார்த்தார். "வந்ததுல இருந்து பாக்குறேன், ஒக்காந்த எடத்துலயே இருக்காரு. ஒரு செடிகூட முடியல. எல்லாரையும் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அனுப்புறாரு. அரைப்பேரு. கோட்டு போட்டிருக்காரேன்னு அதாவது போடுறேன்."

தமிழ் தெரிந்த சட்டத்தரணிகளுக்கு ஒரே நேரத்தில் இருமல் பிடித்தது. மொழிபெயர்ப்பாளர் தன் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "கனம் நீதவானின் தேக சுகத்துக்காகப் பிரார்த்திக்கிறார்" என்றார். நீதவான் மனம் இளகி, வழமையைவிடச் சற்று மரியாதையான குரலில் விளக்கமறியலை நீடித்தார்.

இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் கேட்கிறவர்கள் உருகிவிடுகிறார்கள். பைத்தியம் மாதிரி இருந்துகொண்டு உண்மை பேசிய ஞானி என்று ஒரு நண்பர் சொன்னார். நண்பர் அந்த மண்டபத்தில் ஒரு பகல் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். மாத்திரை நின்ற நாட்களில் அந்தக் கைதி நித்திரை கொள்வதில்லை. உதடு வெடித்து, கண் சிவந்து, வாயோரத்தில் நுரை காய்ந்திருக்கும். சுவருக்குள் தோட்டத்துத் துரை நின்று கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லிச் சுவரில் காதை வைத்து அழுவார். பிறகு துரை கோபமாக இருக்கிறார் என்று வந்து யாருக்காவது அடிப்பார்.

ஒருமுறை, காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்த ஒரு வயசாளிக்குப் பேர் போட மறுத்துவிட்டார்.

"படுத்துக் கெடந்தவனுக்குப் பேரு இல்ல. பேரு இல்லாதவனுக்குச் சோறு இல்ல."

அன்று முழுவதும் அந்த வயசாளிக்கு யாரும் சோறு கொடுக்கவில்லை. ஒருவன்கூட. கொலைக் குற்றம் சுமத்தப்பட்டவர்கள், நகை அறுத்தவர்கள், காவலரையே கத்தியால் கீறியவர்கள் எல்லாரும் ஒரு சுகமில்லாத ஒல்லி மனிதனின் சொல்லுக்குப் பயந்து, வயசாளியின் சோற்றுக் கோப்பையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் எனக்குத் தெரியவந்து நான் சத்தம் போட்டபோது பிரதம ஜெயிலர் சிரித்தார்.

"மிஸ்டர் வெல்ஃபெயார், என் காலத்தில் இப்படி ஒரு ஒழுக்கத்தை நான் பார்த்ததில்லை."

ஜெயிலர் உயரமான, நன்றாகத் தேய்த்த சீருடை போடும் மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தன் வேலையைக் குறைக்கும் எதையும் நேசிப்பவர். பெரட்டு தொடங்கியதிலிருந்து சாக்கடை ஓடியது, குப்பை மேடு தரையானது, சண்டைகள் குறைந்தன. தோட்டங்களை நூற்றைம்பது வருடம் இயக்கிய ஒரு பொறி தன் மண்டபத்தில் சும்மா வந்து விழுந்திருக்கிறது என்பதை அவர் மெதுவாகக் கண்டுபிடித்தார். மாத்திரை தொடங்கும் நாட்களில் அவர் முகம் வாடிவிடும்.

மாத்திரை வேலை செய்யும் நாட்களில் அந்த மனிதரைப் பார்த்தவர்களுக்கு அவர்தான் இவர் என்று நம்ப முடியாது. தலை குனிந்திருக்கும். கைகள் தொடைகளுக்கு இடையில் போய்விடும். எதைக் கேட்டாலும் "ஆமாங்க", "சரிங்க". சீமெந்துப் படிப்பக்கம் போகவேமாட்டார். காய்ச்சல் வயசாளியின் உடுப்பைக் கேட்காமலே எடுத்துத் துவைத்துக் காயப்போடுவார். வயசாளி அவர் கிட்டே வந்தால் இன்னமும் நடுங்குவார். அதனால் உடுப்பைத் தூரத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

அப்படியொரு நாளில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கதிரையில் இரும் என்றேன். உட்காரவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்."

"அந்த மாத்திரைய நிப்பாட்டாமப் பாத்துக்கிறீங்களா? தவண வரைக்குமாவது."

"ஏன், நித்திரை வரேல்லையோ?"

"நித்திர வருதுங்க. நிப்பாட்டுனா அந்த ஆளு வந்துருவான்." சுவரைப் பார்த்தார். "அவன் பொல்லாதவன் ஐயா. அந்தப் பெரியவருக்குச் சோறு குடுக்க விடல. வீட்டுல எங்க மக என்னப் பாத்து ஒளியுது. நான் அவனா இருக்கயில செஞ்சது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குங்க. மறந்துட்டாப் பரவால்ல. மறக்க மாட்டேங்குது."

டொக்டரிடம் அடுத்த முறை சொன்னேன். அவர் பேனையை மேசையில் போட்டார்.

"அண்ணை, இப்பிடி விட்டுவிட்டுக் குடுக்கிறதைவிடக் குடுக்காமலே விடலாம். ஒவ்வொருக்காலும் விழுந்து எழும்பேக்கை கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது. இன்னும் ரெண்டு மூண்டு தரம் விழுந்தா முழுசா எழும்பாது. விளங்குதோ?"

"எனக்கு விளங்குது. எழுத்திலை தாரும்."

"எழுதித் தந்தா குடுப்பினமோ?"

"கோவையிலை போடுவினம்."

எழுதித் தந்தார். கோவையில் போட்டார்கள். ஆனாலும் அந்த முறை ஒரு நல்ல காவலர் பொறுப்பில் இருந்தார். மாத்திரையைக் கையில் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பிறகுதான் நகருவார். தவணைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மனைவி மடுல்சீமையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவரைப் பார்த்தார். "தெளிவா இருக்காருங்கய்யா. இந்தவாட்டி கூட்டிட்டுப் போயிருவேங்க" என்று என்னிடம் சொன்னார். மகளுக்குக் கம்பளி வாங்கிவிட்டதாக அவரிடம் சொன்னார். அவர் "சரிங்க" என்றார், மனைவியிடமே.

அந்த நேரம் பார்த்து, கொழும்பிலிருந்து மேலிடத்து அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்தது.

பார்வையிடல் என்றால் நடைமுறை தெரிந்ததுதான். சுவருக்குச் சுண்ணாம்பு, கற்களுக்கு வெள்ளை, பூச்சட்டிகள் எங்கிருந்தோ இரவல். ஆனால் மண்டபம் பழைய குப்பைக்குத் திரும்பியிருந்தது. பெரட்டு இல்லாமல் ஒருவனும் அசைவதில்லை. காவலர்கள் பிரம்பைக் காட்டிப் பார்த்தார்கள். கைதிகள் முறைத்தார்கள். அந்தக் கிழமையில் நல்ல காவலர் வேறு வாயிலுக்கு மாற்றப்பட்டார். மாத்திரை முடிந்துவிட்டது, மேலே கேட்டு எழுதியிருக்கிறது என்றார்கள். அந்த மாத்திரை மருந்து அலுமாரியில் போத்தல் நிறைய இருந்ததை நான் பார்த்தேன். ஜெயிலரிடம் போனேன்.

"டொக்டர் எழுதின கடிதம் கோவையில் இருக்கிறது, சேர்."

"இருக்கட்டும். நல்ல இடம்."

"தவணைக்கு ஆள் சரியாக இருக்க வேண்டும்."

"அடுத்த தவணை இல்லையா? நீதவான் எங்கே ஓடிவிடப் போகிறார்? மிஸ்டர் வெல்ஃபெயார், ஒரு கிழமை. ஒரேயொரு கிழமை அந்த மனிதன் நாட்டுக்குச் சேவை செய்யட்டும்."

அந்தக் கிழமை முடிவதற்குள் சீமெந்துப் படியில் குரல் கேட்டது. முன்பைவிட மோசம். அடித்தொண்டை கிழிந்த சத்தம். மண்டபம் எழுந்து நின்றது. சாக்கடை ஓடியது. கற்கள் வெள்ளையாயின.

அதிகாரி வந்த அன்று வரிசைகளைப் பார்த்து அசந்துபோனார். நேர்கோடு. ஒரு சத்தம் இல்லை. "அருமை. இதை எப்படிச் சாதித்தீர்கள்?" என்று ஜெயிலரைக் கேட்டார். ஜெயிலர் பணிவாக ஏதோ சொல்லத் தொடங்கினார். அப்போது படியில் நின்றவரின் பார்வை அவர்மேல் விழுந்தது.

"ஏய் தொப்பி! எல்லாம் வரிசையில நிக்கிது, நீ மட்டும் என்னாத்துக்கு வெளிய நிக்கிற?"

ஜெயிலருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். தெரியாதவர்போல் நின்றார். படியில் நின்றவர் இறங்கி வந்தார். நடுவில் நின்ற காவலர்கள், பழக்கதோஷத்தால் என்றுதான் சொல்ல வேண்டும், வழி விட்டார்கள். ஜெயிலரின் தொப்பியைக் கழற்றிச் சாக்கடையில் போட்டார்.

"போ. கான் வெட்டு. இன்னைக்கு ஒனக்குப் பேரே இல்ல."

இரண்டு பேர் பாய்ந்து அவரைத் தரையில் போட்டு அமுக்கினார்கள். அதிகாரி தன் வாகனத்துக்குப் போனார். தொப்பி ஓடும் சாக்கடையில் ஒழுங்காக மிதந்து போனது. அவ்வளவு நன்றாக வெட்டியிருந்தார்கள்.

ஜெயிலர் என் அறைக்கு வந்தபோது தலைமயிர் கலைந்திருந்தது. இருட்டறை, குறைந்த சாப்பாடு, தனிமை. இருக்கிற எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்றார்.

"நிச்சயமாகச் சேர். உத்தியோகத்தரைத் தாக்கியது பாரதூரமான சிறைக்குற்றம். ஒரேயொரு நடைமுறை இருக்கிறது."

"என்ன நடைமுறை?"

"அந்தத் தண்டனைகளைக் கொடுப்பதற்கு முதல், கைதி அதைத் தாங்குவார் என்று வைத்திய அத்தாட்சி வேண்டும். மனநலக் கோவை உள்ளவர் என்றால் அதற்குரிய டொக்டரிடம்தான் அனுப்ப வேண்டும். இல்லாமல் செய்து ஏதும் நடந்தால் விசாரணையில் உங்களுடைய பெயர்தான் முதலில் வரும்."

"அனுப்பு. இன்றைக்கே அனுப்பு."

"நீங்கள் ஒப்பமிட வேண்டும், சேர்."

கோபத்தில் வாசிக்காமல் ஒப்பமிட்டார். நோயாளியாக அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நான் எழுதிய கடிதங்களுக்கு வாகனம் இல்லை, பாதுகாவலர் இல்லை என்று பதில் வந்திருந்தது. குற்றவாளியாக அனுப்ப ஒரு மணித்தியாலத்துக்குள் வாகனமும் வந்தது, இரண்டு பாதுகாவலரும் வந்தார்கள். தொப்பிக்கு அந்தச் சக்தி இருந்தது.

நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் டொக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தண்டனை தாங்குவாரோ எண்டு கேட்டிருக்கினம்."

"ஓம்."

"நான் என்ன எழுதவேணும்?"

"உண்மையை எழுதும். தாங்கமாட்டார் எண்டால், தாங்கும் வரைக்கும் இஞ்சை வாட்டிலை வைச்சிருக்க உமக்கு அதிகாரம் இருக்கு. தாங்குவார் எண்டு நீர் எழுதும்வரை ஆரும் திருப்பிக் கூப்பிடேலாது."

கட்டிலோடு விலங்கிட்டபடிதான் வைத்திருந்தார்கள். அதுவும் நடைமுறை. ஆனால் மாத்திரை நேரத்துக்கு வந்தது. தாதி ஒரு சிங்களப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்ப்பார். இந்தமுறை எழும்ப நெடுநாள் எடுத்தது. டொக்டர் பயந்தது போலவே முழுதாக எழும்பவில்லை. கை நடுக்கம் தங்கிவிட்டது. ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையில் ஓர் ஆள் நடந்துபோகக் கூடிய இடைவெளி விழுந்தது. என்றாலும் பதில் வந்தது.

தவணையிலும் வந்தது. கண்ணாடியை உடைத்தீரா என்று கேட்டார்கள். நீதிமன்றம் காத்திருந்தது. "ஆமாங்க, ஒடச்சேன்" என்றார். மொழிபெயர்ப்பாளர் சேர்க்கவோ குறைக்கவோ ஒன்றும் இல்லாமல் அப்படியே சொன்னார். இருந்த காலம் போதும், சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று நீதவான் விடுவித்தார். ஜெயிலரின் முறைப்பாட்டுக்கு, சம்பவ நேரத்தில் கைதி தன்னிலையில் இருக்கவில்லை என்று டொக்டர் எழுதிய பதில் கோவைக்குள் போனது. அந்த முறை அது நல்ல இடம்தான்.

விடுதலைக்கான எழுத்து வேலைக்குச் சிறைக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். மனைவி வாயிலுக்கு வெளியே நின்றார். மாத்திரைப் பக்கற்றை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். எந்த மாத்திரை எப்போது என்று நான் சொன்னதை, நான் கேட்காமலே திருப்பிச் சொன்னார். தீர்ந்ததும் யாரிடம் வாங்குவது என்று கேட்டார். மாதாமாதம் அந்தப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும் என்றேன். பஸ்ஸைப் பற்றி யோசித்திருப்பார். "சரிங்கய்யா" என்றார்.

ஜெயிலரும் வாயிலுக்கு வந்து நின்றார், புதுத் தொப்பியோடு. எதற்கு வந்தார் என்று தெரியாது. உள்ளே மண்டபத்தில் ஏதோ சண்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சின்னக் கதவைத் திறந்தார்கள். அவர் வெளியே கால் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த பையை மனைவி வாங்கிக்கொண்டார்.

"வாங்க. பஸ்ஸு போயிரும்."

அவர் அசையவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, ஜெயிலரின் சப்பாத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, நாளைக்கும் வரணுங்களா?"

வாயில் காவலர் சிரித்தார். "பிஸ்ஸு இன்னும் போகேல்ல, மாத்தயா" என்று ஜெயிலரிடம் சொன்னார். காவலரின் கை கதவின் தாழ்ப்பாளில் இருந்தது. விடுதலையாகும் நேரத்தில் மனநிலையில் சந்தேகம் தோன்றினால் கைதியை நிறுத்திவைத்து மீண்டும் பரிசோதனைக்கு அறிவிக்கலாம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது எனக்குத் தெரியும். ஜெயிலருக்கும் தெரியக்கூடாதே என்று அந்த ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டேன்.

"வேண்டாம். வரத் தேவையில்லை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் பேச்சு செல்லாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மீண்டும் ஜெயிலரைப் பார்த்தார். மனைவியும் பார்த்தார். உள்ளே ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. ஜெயிலர் திரும்பி அந்தச் சத்தத்தைக் கேட்டார், பிறகு அந்த மனிதரை நெடுநேரம் பார்த்தார். வேலைக்காரனைப் பார்க்கும் முதலாளியின் பார்வை அது.

"வேணாம்" என்றார் ஜெயிலர், தனக்குத் தெரிந்த தமிழில். "போ."

அதன் பிறகுதான் அவர் நடந்தார். பஸ் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி பார்க்க விடவில்லை, கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

வழக்கை விளங்கிக்கொள்ளும் அளவுக்குச் சுகம் என்று டொக்டரின் அறிக்கையில் எழுதியிருந்தது. நாளைக்கும் வரணுங்களா என்ற அந்தக் கேள்வி நோயா, சுகமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. இன்றைக்கும் பதுளைக் கடைத்தெருவில் டொக்டரைக் கண்டால் வெயிலைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு வருகிறேன்.